காய்ச்சல் யார் கணக்கில்?

(யோங் பெங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



சுற்றுச்சூழல் மக்கள் உடல்நலத்தை நாட்டுக்கு நாடு எப்படிப் பாதிக்கிறது என்று அறக்கட்டளையினர் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் நாடுகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளிவிவரம் சொல்லி, ஒரு மணி நேரத்தை எளிதாக ஓட்டிவிடலாம். வீட்டுக்குப் போகும்போது உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே ஒரே ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நிலத்தையும் நீரையும் காற்றையும் மாற்றும் முடிவை ஒருவர் எடுக்கிறார். அதனால் வரும் நோயை இன்னொருவர் சுமக்கிறார். இந்த இருவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்வரை நோய் குறைவதில்லை. நோயின் செலவு முடிவெடுத்தவருடைய கணக்கில் ஏறிய பிறகுதான் வடிகால் வெட்டப்படுகிறது, ஆஸ்பத்திரி கட்டப்படுகிறது, சட்டம் வருகிறது. மருத்துவ அறிவு பெரும்பாலும் அதற்கு முன்பே தயாராக இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலும் இலங்கைக் கிராமங்களிலும் இதே யோங் பெங் சுற்றுவட்டாரத்திலும் நடந்தவற்றை வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

1. கிள்ளானில் வெட்டிய வடிகால்

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ரோஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. திறந்த சில வாரங்களிலேயே கூலியாட்கள், எழுத்தர்கள், அதிகாரிகள் என்று எல்லாரும் காய்ச்சலில் படுத்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது.

வாட்சன் சதுப்பை வடியவைக்கச் சொன்னார், சுற்றியிருந்த காட்டை வெட்டச் சொன்னார். அரசாங்கம் பணம் கொடுத்தது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலில் இறந்தவர்கள் 368 பேர். மறு ஆண்டு 59 பேர். வெப்பமண்டலத்தில் கொசுவை ஒழித்து மலேரியாவை அடக்கிய மிக முந்தைய வெற்றிகளில் இதுவும் ஒன்று. அரசாங்கம் ஏன் உடனே பணம் கொடுத்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பெருஞ்செலவில் கட்டிய துறைமுகம் கையைவிட்டுப் போகிற நிலை. காய்ச்சல் நேராக அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அதே ஆண்டுகளில் உள்நாட்டில் ரப்பர் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்தன. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு மாவட்டத்து மக்கள் அந்தத் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அங்கே வாட்சனுக்கு ஒரு பெரிய புதிர் காத்திருந்தது. கிள்ளான் கரையோரச் சமவெளியில் காட்டை வெட்டி வாய்க்கால் எடுத்தால் காய்ச்சல் போனது. மேட்டுப்பாங்கான தோட்டங்களில் அதே வேலையைச் செய்தால் காய்ச்சல் போகவில்லை, சில இடங்களில் கூடவும் செய்தது. காரணம் கொசுவின் வகை. கரையோரச் சதுப்பில் நோய் பரப்பியது அனோபிலிஸ் அம்ப்ரோசஸ். அதற்கு நிழலும் தேங்கிய நீரும் வேண்டும். குன்றுகளில் இருந்தது மாகுலேட்டஸ் என்ற வகை. அதற்கு வெயில் படுகிற, தெளிந்து ஓடுகிற நீர் வேண்டும். ஓடையின் மேல் கவிந்திருந்த காட்டை வெட்டி, தண்ணீருக்கு வெயில் காட்டி, அந்தக் கொசுவுக்கு வீடு கட்டிக்கொடுத்தவர் தோட்ட முதலாளி. அவருக்கும் இது தெரியாது என்பது உண்மை. ஆனாலும் குன்றடி லயங்களில் படுத்திருந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள்.

பிறகு மேட்டு நிலத்தில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வைத்துக் கொண்டுபோனார்கள். நீர்நிலைகளில் எண்ணெய் தெளித்தார்கள். இவையெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. வழி தெரிந்த பிறகும் பல தோட்டங்கள் செலவை நினைத்துத் தள்ளிப்போட்டன. நிலைமையை மாற்றியவற்றில் பெரிய பங்கு ஆள் பஞ்சத்துக்கு உண்டு. 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு வந்தது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்து, இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் இருந்து தோட்டங்களைக் கண்காணிக்கலானார். ஆள் சாகிற தோட்டம் என்று பெயர் எடுத்தால் ஆள் கிடைக்காது என்ற பயம் வந்தது. ஒரு கூலியாளின் காய்ச்சல், ரப்பர்ப் பால் அளக்கும் கணக்கிலும் கப்பல் கட்டணக் கணக்கிலும் நட்டமாகத் தெரியத் தொடங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரி, டிரெசர், கொயினா மாத்திரை எல்லாம் வேகம் பிடித்தது அப்போதுதான்.

இந்தக் கதைக்கு இன்றைய தொடர்ச்சி ஒன்று உண்டு. 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் பரவவில்லை. அதே 2018இல் குரங்கு மலேரியா என்று சொல்லப்படும் நோலெசி வகை 4,000க்கு மேற்பட்டவர்களைத் தாக்கியது. மக்காக் குரங்குகளிடம் இருக்கும் கிருமி கொசு வழியாக மனிதனுக்கு வருகிறது. சரவாக்கின் காப்பிட்டில் மலேரியா என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது இந்த வகைதான் என்று பல்பீர் சிங் தலைமையிலான குழு 2004இல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. காடு வெட்டுமிடத்தில், காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்பவரே பெரும்பாலும் நோயாளி. நூறு ஆண்டுக்கு முன்பும் அவரேதான்.

2. மழை பொய்த்து வந்த காய்ச்சல்

மலாயாவில் தண்ணீர் கொண்டுவந்த நோயை இலங்கையில் வறட்சி கொண்டுவந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றைக்கும் பெருகி ஓடுகிற களனி கங்கை, மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணல் நடுவே குட்டைகளாக நின்றன. வெள்ளம் அடித்துப் போகாத அந்தக் குட்டைகளில் குலிசிபேசிஸ் என்ற கொசு பெருகியது. ஈரவலயத்து மக்கள் மலேரியாவை அதிகம் கண்டிராதவர்கள், உடலில் எதிர்ப்பு இல்லை. விளைச்சலும் போய் வயிறும் காய்ந்திருந்தது. 1934 அக்டோபருக்கும் மறு ஆண்டு ஏப்ரலுக்கும் இடையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். குழந்தைகள்தான் அதிகம். கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. மலையகத் தோட்டங்களில் பெரும்பாலானவை உயரத்தில் இருந்ததால் தப்பின.

இலங்கையில் 1931 முதல் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. ஆசியாவில் வேறெங்கும் அன்று அது அரிது. காய்ச்சல் கிராமங்களில் மருந்தும் அரிசியும் சுமந்து திரிந்த இளைஞர்களில் ஒருவர் என்.எம். பெரேரா. 1935 முடிவில் அவரும் தோழர்களும் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1936 தேர்தலில் கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லை மக்கள் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். பிணம் விழுந்த ஊர் வாக்குப் போட்டது. அதன் பிறகு எந்தக் கட்சியும் கிராம மருத்துவமனையை மறந்துவிட்டுத் தேர்தலில் நிற்க முடியவில்லை. இலங்கையின் இலவச மருத்துவத்துக்குப் பல காரணங்கள் சொல்வார்கள். நான் இந்த ஒன்றுக்குப் பெரிய இடம் கொடுப்பேன்.

இதன் மறுபக்கம் நமக்கு நெருக்கமானது. 1948, 1949 சட்டங்களால் மலையகத் தமிழர்கள் குடியுரிமையும் வாக்கும் இழந்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் தோட்டப் பகுதியின் குழந்தை இறப்பு விகிதம் நாட்டுச் சராசரியைவிட உயரத்திலேயே நின்றது. நாடு ஒன்று, சுகாதார அமைச்சும் ஒன்று. லயத்தின் கூரைக்கும் கழிப்பிடத்துக்கும் குடிநீருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும் எந்த அமைச்சருக்கும் இல்லை.

மலேரியாவைப் பற்றி இன்னும் இரண்டு வரி. டி.டி.டி. தெளித்து 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969இல் 5 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் படுத்தார்கள். மறுபடி விடாமல் உழைத்து, போர்க்காலத்திலும் கைவிடாமல், 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கினார்கள். அதை நான் பெருமையாகச் சொல்கிறேன்.

3. நம் காலடி மண்

இப்போது நம் ஊருக்கு வருவோம். யோங் பெங், ஜொகூரின் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்த மாவட்டத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் யானி. பாரிட் என்றால் வாய்க்கால். சதுப்பில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, குடியேறிய ஊர்கள் இவை. ஜாவா, பஞ்சார், பூகிஸ் மக்கள் கையால் வெட்டிய வாய்க்கால்கள் அவை. பிறகு 1970களில் உலக வங்கிக் கடனோடு மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. கரையில் மண் அணைகள், கடல் நீரைத் தடுக்கும் மதகுகள், உள்ளே பெரிய வடிகால்கள். பெக்கோக், செம்புரோங் அணைகளும் எழுந்தன. ஆயிரக்கணக்கான சிறு விவசாயக் குடும்பங்கள் இதனால் வாழ்ந்தன. தென்னை, காப்பி, பிறகு செம்பனை. இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. மண்ணுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன்.

மேற்கு ஜொகூர் நிலத்தில் ஒரு பெரும்பகுதி கம்புட் மண். மரமும் இலையும் நீருக்கடியில் அழுகி முடியாமல் பல்லாயிரம் ஆண்டுகள் படிந்த மண். கையில் எடுத்தால் கறுத்து, நார் நாராக, நனைந்த பஞ்சு மாதிரி இருக்கும். அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். வடிகால் வெட்டி அந்த நீரை எடுத்தால் மண் சுருங்கும், காற்றுப் பட்டு மக்கி ஆவியாகப் போகும். நிலம் தாழும். மேற்கு ஜொகூரில் பல ஆண்டுகள் அளந்து பார்த்தவர்கள், முதல் வேகம் அடங்கிய பிறகும் சராசரியாக ஆண்டுக்கு 2 செ.மீ. அளவில் மண் இறங்குகிறது என்று கண்டார்கள். ஐம்பது ஆண்டு வாழ்ந்த குடும்பத்துக்கு அது ஒரு மீட்டர். கம்புட் நிலத்துத் தோட்டங்களில் சாய்ந்து கிடக்கும் செம்பனைகளையும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களையும், கீழ்ப்படிக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விழுந்த வீடுகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்த மண் காய்ந்தால் ஒரு நோய், நனைந்தால் ஒரு நோய்.

காய்ந்தால் எரியும். மேலே மழை பெய்தாலும் உள்ளே கனன்றுகொண்டே நகரும். கொழுந்து விட்டு எரியாததால் புகை அதிகம், அந்தப் புகையில் மூச்சோடு நுரையீரலின் அடிவரை இறங்கும் நுண்துகள் அதிகம். இந்தோனேசியாவில் 1990களின் நடுவில் மத்தியக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல் நிலமாக்குவதாகச் சொல்லி வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. 1997இல் அது எரிந்தது. அந்த ஆண்டு சரவாக்கில் அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று, கூச்சிங்கில் காற்று மாசுக் குறியீடு 800ஐத் தாண்டியது. நமக்கு மிக அருகில் நடந்தது 2013 ஜூன் மாதத்தில். சுமத்திராவின் ரியாவில் எரிந்தது, காற்று அந்தப் புகையை நீரிணையைக் கடந்து கொண்டுவந்தது. ஜூன் 23 காலை மூவாரில் குறியீடு 746. 300ஐத் தாண்டினாலே ஆபத்து. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை. பள்ளிகள் மூடப்பட்டன. ஆஸ்துமா பிள்ளை வைத்திருந்த ஒவ்வொரு தாயும் அந்த வாரத்தை மறந்திருக்க மாட்டாள்.

அந்தப் புகைமூட்டத்தின் செலவு யார் கணக்கில் ஏறியது? ரியாவில் நிலம் திருத்தியவருக்குத் தீப்பெட்டிச் செலவு மட்டும்தான். இயந்திரம் வைத்துக் காட்டை அகற்றினால் பல மடங்கு ஆகும். மிச்சமான பணம் அவரிடம் இருந்தது. மருந்துச் செலவு மூவாரில், சிங்கப்பூரில், மிக அதிகமாக ரியாவிலும் ஜம்பியிலும் உள்ள கிராமங்களில். ஆசியான் நாடுகள் 2002இல் எல்லை கடந்த புகைமூட்டம் பற்றி உடன்படிக்கை செய்தன. தீ அதிகம் எரிகிற இந்தோனேசியா அதை உறுதி செய்ய 2014 வரை ஆயிற்று. அதே 2014இல் சிங்கப்பூர், வெளிநாட்டில் தீ வைத்தாலும் சிங்கப்பூரில் புகை வந்தால் அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போடலாம் என்று சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தால் தண்டனை பெரிதாக நடக்கவில்லை என்பார்கள். ஆனால் சரியான ஆளிடம் கணக்கை நீட்டிய சட்டம் அது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று பலமுறை பேச்சு எழுந்து அடங்கியிருக்கிறது. அது வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நனைந்தால் நடப்பதை 2006-2007 வெள்ளத்தில் பார்த்தோம், 2023 மார்ச்சில் மறுபடி பார்த்தோம். 2023இல் ஜொகூரில் 40,000க்கு மேற்பட்டவர்கள் துயர் துடைப்பு மையங்களில் இருந்தார்கள். மற்ற மாவட்டங்களில் தண்ணீர் இறங்கிய பிறகும் பத்து பகாட்டில் வாரக்கணக்கில் நின்றது. பெய்த மழை மிகப் பெரியது, அதை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் பெய்த மழை எத்தனை நாள் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது நிலம். தாழ்ந்துபோன நிலத்திலிருந்து தானாக வடிய வழியில்லை. கடலேற்றம் வந்தால் மதகை மூட வேண்டும், மூடினால் உள்ளே தேங்கும். பம்பு வைத்து இறைக்க வேண்டும். ஆண்டுக்கு 2 செ.மீ. மேலும் மேலும் இறங்கினால் பம்பும் மேலும் மேலும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுக்குப் பள்ளிக்கரணை தெரியும். சென்னையின் தெற்கே மழைநீரைத் தாங்கி நின்ற சதுப்பு, பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதன் மேலேயே பெருங்குடிக் குப்பைமேடு. கோடையில் குப்பை எரிந்து புகை, கார்காலத்தில் வேளச்சேரி வீடுகளுக்குள் தண்ணீர். 2022இல் அதை ராம்சார் சதுப்பு நிலமாக அறிவித்தார்கள். மண் வேறு, வெட்டியவர் வேறு. புகையும் வெள்ளமும் ஒரே இடத்தில் பிறப்பதில் மட்டும் நாம் உறவினர்.

4. வெள்ளத்தில் நிற்கும் கால்

வெள்ளம் என்றால் தொலைக்காட்சியில் கூரையும் படகும்தான் தெரிகிறது. நான் காலைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்திய சமூகத்தில் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மண்டபத்தில் நமக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் போதும்.

நீரிழிவு முற்றியவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். தண்ணீர் இறங்கியதும் அவர் வீட்டைக் கழுவ இறங்குகிறார். செருப்பு இல்லாமல் சகதியை வாரிக் கொட்டுகிறார். ஆணி குத்தினாலும் தெரியாது. வெள்ள நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் கிருமி வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். இன்னொரு கிருமி மண்ணிலேயே வாழ்கிறது. மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்குவது அது. ஆல்பிரட் விட்மோர் 1911இல் ரங்கூனில் முதலில் கண்டார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஸ்டாண்டனும் பிளெட்சரும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். சாதாரண காய்ச்சல் போலத் தொடங்கி நுரையீரலையும் இரத்தத்தையும் பிடிக்கும். அதற்கு எளிதில் ஆட்படுகிறவர்களில் முதல் இடம் நீரிழிவுக்காரர்களுக்கு. நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. வெள்ளம் வடிந்த வீட்டில் பூட்சும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நீரிழிவுக்காரருக்குத் தனியாகச் சொல்கிறவர் எத்தனை பேர்?

மையத்துக்குப் போகும் அவசரத்தில் மாத்திரைப் பை வீட்டிலேயே நின்றுவிடுகிறது. இன்சுலின் குளிர்பெட்டியோடு மூழ்குகிறது. வாரத்தில் மூன்று நாள் டையாலிசிஸ் போக வேண்டியவருக்குச் சாலை இல்லை. வெள்ளத்தில் மூழ்கி இறந்தவர்களை எண்ணுகிறோம். மருந்து தவறி மறு மாதம் இறப்பவரை வெள்ளக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு? தோட்டம் இருந்தபோது, குறைகளோடுதான் என்றாலும், வீட்டுக்கும் தண்ணீருக்கும் வைத்தியத்துக்கும் சட்டப்படி பதில் சொல்ல ஒரு நிர்வாகம் இருந்தது. 1990இல் இயற்றிய தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தோட்டம் கைமாறி, மரம் மாறி, மக்கள் வெளியேறியபோது குடியிருக்க மலிவாகக் கிடைத்தது பெரும்பாலும் தாழ்ந்த நிலம். அந்தப் பொறுப்பு அவர்களோடு கூட வரவில்லை.

5. முதுகில் சுமந்த நஞ்சு

காற்றும் நீரும் மட்டும் சுற்றுச்சூழல் அல்ல. வேலை செய்யும் இடத்தின் காற்றும் சுற்றுச்சூழல்தான். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் சிலர் மருந்து அடித்திருப்பீர்கள். முதுகில் பம்பு, மரத்தடியில் களைக்கொல்லி. பம்பு ஒழுகி முதுகு நனையும். எதிர்க்காற்று வந்தால் முகத்தில் படும். நகம் கறுத்து விழும், மூக்கில் இரத்தம் வரும், பார்வை மங்கும். பாராகுவாட் என்ற அந்த நஞ்சை அடித்தவர்களில் பெரும்பகுதி தமிழ்ப் பெண்கள். தெனாகானித்தா அமைப்பு, ஐரின் பெர்னாண்டஸ் முன்னின்று, அவர்களிடம் விசாரித்து 2002இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டே அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் தடை தளர்ந்தது. மாற்று மருந்துக்குச் செலவு கூடும் என்ற வாதம் வென்றது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல். நடுவே ஒரு பிள்ளை பிறந்து பள்ளிப் படிப்பு முடிக்கும் அளவு காலம்.

இலங்கை அந்த நஞ்சை நமக்கு முன்பே நிறுத்தியது. அங்கே 1995இல் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்று உச்சத்தில் இருந்தது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. அலமாரியில் எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமல் போனதால் உயிர் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். நெல் விளைச்சல் அதனால் குறைந்துவிடவில்லை.

ஜொகூரில் 2019 மார்ச்சில் நடந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரசாயனக் கழிவை முறைப்படி அப்புறப்படுத்தப் பணம் வேண்டும். பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரவோடு இரவாகக் கொட்டியவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தார். அதிலிருந்து எழுந்த நச்சாவியில் வகுப்பறைகளில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன.

6. யோங் பெங்கில் செய்யக்கூடியது

தடுப்பூசி போடுவதும் கொசுமருந்து புகைப்பதும் சுகாதார அதிகாரியின் வேலை. 1998-99இல் நிப்பா வைரஸ் நோய் வந்தபோது ஈப்போவிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து அவர்கள் அதைத்தான் செய்தார்கள். மருத்துவர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடிக்கும்வரை பயனில்லாமல் போயிற்று, நாட்டில் 105 பேர் இறந்தார்கள். நோய் வந்த வழி பன்றிக் கொட்டகை மேல் நின்ற பழமரங்களும், அவற்றுக்கு வந்த வௌவால்களும். பழமரத்தையும் பன்றிக் கொட்டகையையும் பிரித்த பிறகு இங்கே அது திரும்பவில்லை. எந்த நிலத்தில் எது இருக்கலாம் என்று முடிவு செய்கிற மேசையில்தான் அந்த நோய் தடுக்கப்பட்டது.

அந்த மேசைக்கு நமக்கும் வழி இருக்கிறது. 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி மாவட்டத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், நேரில் கூப்பிட்டால் பேசலாம். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ்ப் பெரிய திட்டங்களின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பார்வைக்கு வரும். நம்மில் அதைப் போய்ப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மலாய் நன்றாக எழுதத் தெரிந்த இளைஞர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இங்கே இருக்கிறார்கள். அறிவிப்பு வருகிறதா என்று மாவட்ட மன்றத்தில் மாதம் ஒருமுறை கேட்டு வைக்கும் பொறுப்பை ஒரு சிறு குழு எடுத்துக்கொள்ளட்டும். வடிகால் எங்கே திறக்கிறது, கம்புட் மண்ணில் நீர்மட்டத்தை எவ்வளவில் வைப்பார்கள், வெள்ளம் வந்தால் எந்தத் தாமானில் முதலில் ஏறும் என்று எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழிப் பதில் எந்தக் கணக்கிலும் ஏறாது.

இன்னொன்று இந்த ஆண்டுப் பருவமழைக்கு முன்பே நம் கோயில்களும் சங்கங்களும் செய்துவிடக்கூடியது. டையாலிசிஸ் போகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் யார் யார் என்று வீடு வீடாக, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு பட்டியல் எடுத்து அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வார மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். வெள்ளத்துக்குப் பிறகு சுத்தம் செய்ய ரப்பர் பூட்சுகளைச் சங்கமே மொத்தமாக வாங்கி வைக்கலாம். இதற்கு நிதி வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினரிடம் பேசினேன், இந்த ஆண்டு ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியல் எடுக்க முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.